ஏழு வேணாம், எட்டு எடுங்க

"சார் ஏழு வேணாம், எட்டு எடுங்க"ன்னு கேடி அண்ணன் சொன்னப்ப நான் கேக்கல. (கேடின்னா கோல்ஃப் ஆடறப்ப பைய தூக்கிட்டு கூடவே வந்து வழி சொல்றவரு, ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டி வைக்கற கேடி இல்ல.) சென்னைல 130 மீட்டர்னா கண்ண மூடிட்டு ஏழாம் நம்பர் அயர்ன (அயர்ன்னா இரும்புத் தலை மட்டை, நம்பர் கூடக் கூட பந்து கிட்டக்க விழும்) உருவுற ஆளு நான், கொடைக்கானல்லயும் கொடி அதே 130 மீட்டர்ல தான நிக்குதுன்னு அடிச்சேன், எனக்கு அத்திப்பூத்த மாதிரி எப்பவாச்சும் அமையற நல்ல அடி, பந்து கொடிக்கு நேரா போச்சு, போய்ட்டே இருந்துச்சு, கொடிய சுத்தி ஒட்ட வெட்டின புல்லு, அதான் க்ரீன், அதையும் தாண்டி பின்னாடி புதருக்குள்ள போய் விழுந்துச்சு. அவரு ஒண்ணும் சொல்லல, பைய தோள்ல மாட்டிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டாரு.

பில்லர் ராக்ஸ் போற பக்கம் ரோட்டோரமா பச்சையா விரிஞ்சு கிடக்குமே, வண்டிய நிறுத்தி எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்களே, அதான் இடம். 1895ல ஆரம்பிச்ச கிளப். கடல் மட்டத்துல இருந்து 2,000 மீட்டருக்கு மேல.

அங்க காத்து லேசு. இதுக்கு கருவி எதுவும் வேணாம், கொடைல தண்ணி குடிச்சு முடிச்ச பாட்டில இறுக்கி மூடி கார்ல போட்டீங்கன்னா வத்தலக்குண்டு இறங்கறதுக்குள்ள யாரோ கையால நசுக்கின மாதிரி ஆயிருக்கும், மேல அடைச்ச காத்த கீழ இருக்கற காத்து அமுக்கிடுது. கணக்கா சொன்னா சென்னை வெயில்ல ஒரு கன மீட்டர் காத்து சுமாரா 1.15 கிலோ, 2,100 மீட்டர் உயரத்துல 15 டிகிரி குளிர்ல அதுவே 0.95 கிலோ. ஆறுல ஒரு பங்கு காணோம்.

தடுக்கற காத்து கம்மி, அதனால பந்து தூரமா போகுது, அவ்ளோதானன்னு நானும் நெனச்சேன். ஆனா கோல்ஃப் ஆடறவங்க கைக்கணக்கு என்னன்னா 300 மீட்டர் ஏறினா தூரம் ஒரு சதவீதம் கூடும், அப்டி பாத்தா கொடைல ஏழு சதவீதம் தான். காத்து கொறஞ்சது 17 சதவீதம், மிச்சம் எங்க போச்சு?

இங்கதான் விஷயம் இருக்கு. காத்து பந்த தடுக்க மட்டும் செய்யல, தாங்கவும் செய்யுது. மட்டையோட முகம் சாஞ்சு இருக்கறதால அடி வாங்கின பந்து பின்பக்கமா சுத்திக்கிட்டே பறக்கும், மேல் பக்கத்து காத்த சுத்தி இழுத்து கீழ தள்ளி விடும், காத்த கீழ தள்ளினா பந்து மேல ஏறணும்ல, அதான். நல்லா ஆடறவங்க டிரைவர்ல, அதாவது ரொம்ப தூரம் அடிக்கற மட்டைல, அடிச்சா பந்து செகண்டுக்கு 63 மீட்டர் வேகத்துல 13 டிகிரி சாய்வா கிளம்பும், நிமிஷத்துக்கு 2,600 சுத்து. காத்தே இல்லாத எடத்துல இத அடிச்சா பள்ளிக்கூட பிசிக்ஸ் ஃபார்முலா படி 177 மீட்டர்ல தரைல விழுந்துரும். நிஜத்துல காத்துக்குள்ள கிட்டத்தட்ட 200 மீட்டர் பறக்குது! காத்த எடுத்துட்டா பந்து கிட்டக்க விழும்னு யாராச்சும் சொன்னா நம்புவோமா.

ஆக மலைல தடுக்கறதும் கொறையுது, தாங்கறதும் கொறையுது. ஒரு கைல குடுத்து இன்னொரு கைல புடுங்கிக்கற கதை, போக மீதிதான் அந்த ஏழு சதவீதம். என் 130க்கு அது ஒம்போது மீட்டர், புதர் கரெக்டா அங்கதான் இருந்துச்சு. இதுல என்ன மாதிரி ஆளுங்களுக்கு ஒரு லாபம் இருக்கு, பந்து வலது பக்கமா வளைஞ்சு ஓடுதே ஸ்லைஸ், அதுவும் இதே சுத்தலோட வேலைதான், காத்து லேசா இருந்தா வளைவும் கொறையும்.

பந்துல இருக்கற குழி எதுக்குன்னு கேப்பீங்க. பஸ் போனதும் பின்னாடியே தூசியும் பிளாஸ்டிக் கவரும் சுருண்டு ஓடும் பாருங்க, பந்துக்கு பின்னாடியும் அப்டி ஒரு சுழல் உண்டு, அங்க அழுத்தம் கம்மி, அது பந்த பின்னாடி இழுக்கும். குழி இருந்தா ஒட்டி வர்ற காத்து சின்னச் சின்னதா கலங்கி, பந்து மேலயே இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிட்டு வந்து அப்பறமா பிரியும், சுழல் ஒடுங்கிடும். வழுவழுன்னு இருக்கற பந்து பாதி தூரம் தான் போகும். இத மொதல்ல கண்டுபுடிச்சது விஞ்ஞானிங்க இல்ல, அந்தக் காலத்து கட்டா பெர்ச்சா பந்து, மரப்பால்ல செஞ்சது, புதுசா இருக்கறப்ப ஒழுங்கா பறக்காம அடிபட்டு கீறல் விழுந்தப்பறம் நல்லா பறக்குதுன்னு ஆடினவங்களே கவனிச்சு வேணும்னே கீற ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்து இன்ஜினியர் வில்லியம் டெய்லர் குழிக்கு காப்புரிமை வாங்கினது 1905ல. கொடைல மொத மொதல்ல அடிச்சவங்க கைல குழி வச்ச பந்தே இருந்திருக்காது.

மறுநாள் காலைல ஏழு மணிக்கு மேகம் இறங்கி கொடியே தெரியல. ஈரக்காத்து கனமா இருக்கும், பந்த அமுக்கும்னு மச்சான் சொன்னான். தப்பு, நீராவியோட மூலக்கூறு காத்தோடத விட லேசு, ஈரமா இருந்தா காத்து ஒரு துளி லேசாதான் ஆகும், ஒரு சதவீதம் கூட தேறாது. நிஜமா கெடுக்கறது குளிர். பத்து டிகிரி எறங்கினா காத்து மூணு சதவீதத்துக்கு மேல அடர்த்தியாகும், பந்துக்குள்ள இருக்கற ரப்பரும் வெறச்சுப் போய் துள்ளாது, புல்லு நனைஞ்சு கிடக்கறதால விழுந்த எடத்துலயே பச்சக்குன்னு நிக்கும், போதாததுக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுட்டு நான் எங்க தோள சுத்தறது.

அதே கொடி, அதே 130 மீட்டர். முந்தின நாள் படிச்ச பாடத்துல நான் எட்டாம் நம்பர உருவினேன். க்ரீனுக்கு பக்கத்துல ரெண்டு காட்டுமாடு மேஞ்சுட்டு நின்னுச்சு, அது நகர்ற வரைக்கும் கைய தேச்சுட்டு நின்னோம். அண்ணன் எங்கைல இருந்த எட்ட வாங்கி பைக்குள்ள போட்டுட்டு ஏழ எடுத்து நீட்டினாரு.