காலை நடைக்குப் பிறகு பட்டினி: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்த நேரத்தை நம்பி விடியற்காலையிலேயே நடக்க வருபவர்கள் ஏராளம். அவர்களில் பலர் என்னிடம் மருத்துவம் பார்த்துக்கொள்பவர்கள் என்பதால், அங்கே பேசப்படும் உடல்நலப் பேச்சு இரண்டொரு நாளில் என் மேசைக்கு வந்துவிடும். அண்மைக் காலமாக அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: உடற்பயிற்சி முடிந்ததும் சாப்பிடலாமா, அல்லது நண்பகல் வரை வயிற்றைக் காயப்போட்டால்தான் கொழுப்புக் கரையுமா?

சென்ற ஆண்டு ஒரு காலையில் முத்தியால்பேட்டையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற அறுபத்தொரு வயதுக்காரர் ஒருவரை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்பவர். பதினாறு மணி நேரம் உண்ணாமலிருக்கும் முறையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, இரவு ஏழரை மணிக்குச் சாப்பாட்டை முடித்து, மறுநாள் பதினொன்றரை மணி வரை எதுவும் உண்ணாமலிருக்கத் தொடங்கியிருந்தார். மாத்திரையை மட்டும் பழக்கப்படி காலையில் எழுந்தவுடன் விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் வேகமாக நடந்திருக்கிறார். ஐந்தாம் நாள் காந்தி சிலைக்கு அருகில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்தவர்கள், நடந்த வியர்வை என்றே எண்ணியிருக்கிறார்கள். இங்கு வந்தபோது அவருடைய ரத்தச் சர்க்கரை 54; 70-க்குக் கீழே போனாலே அது தாழ்நிலை. உடன் வந்த மனைவி சொன்னார்: "நடந்துட்டு வந்து மதியம் வரைக்கும் பச்சைத் தண்ணிதாங்க டாக்டர். கேட்டா, இதுலதான் கொழுப்புக் கரையுதுன்னு சொல்றாரு."

அவர் செய்த பிழை சோம்பலாலோ அலட்சியத்தாலோ வந்தது அல்ல. உடலை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையே அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் விகிதத்தில் கோவாவுக்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு: 26.3 விழுக்காடு. அதாவது வயது வந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல். ஆகவே, வேறு ஏதோ ஊரில் சர்க்கரை நோய் இல்லாத இருபத்தைந்து வயது இளைஞருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை நம் கடற்கரைச் சாலையில் அப்படியே பின்பற்றத் தொடங்கினால், அது சென்று சேரும் நால்வரில் ஒருவருக்கு அது பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு.

உடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதி கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. கல்லீரலின் இருப்பு ஏறத்தாழ 100 கிராம். தசைகளின் இருப்பு 300 முதல் 500 கிராம் வரை. நாம் உறங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதைக் கொடுப்பது கல்லீரல். எனவே விடியும்போது கல்லீரலின் இருப்பு பெருமளவு குறைந்திருக்கும். தசையின் இருப்போ அப்படியே இருக்கும். ஆனால் தசை தன் இருப்பை ரத்தத்துக்குத் திருப்பித் தராது, தன் வேலைக்கு மட்டுமே செலவிட்டுக்கொள்ளும். இந்த நிலையில் வெறும் வயிற்றில் நடந்தால் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கிறது என்பது உண்மைதான். பிழை அதற்கடுத்த கணக்கில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எரிந்த கொழுப்பை வைத்து மாதக் கடைசியில் எவ்வளவு மெலிவோம் என்று கணக்கிட முடியாது. நாள் முழுவதும் உண்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள வேறுபாடே அதைத் தீர்மானிக்கிறது.

2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இருபது இளம்பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, இரு குழுவினருக்கும் உணவின் அளவைக் குறைத்து, நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு வெறும் வயிற்றிலும் மற்றது உண்டுவிட்டும் பயிற்சி செய்தன. இரு குழுவினரும் மெலிந்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் என் கண்ணில் பட்ட செய்தி வேறு: வெறும் வயிற்றில் பயிற்சி செய்த பெண்களுக்கும், பயிற்சி முடிந்த கையோடு சத்துபானம் கொடுக்கப்பட்டது. பயிற்சிக்கு முன் உண்ணாமலிருப்பதும் பயிற்சிக்குப் பின் உண்ணாமலிருப்பதும் இரு வேறு செயல்கள். முன்னதைப் பற்றிய செய்தியைப் பின்னதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

செல்கள் தம்முள் இருக்கும் பழுதடைந்த பாகங்களைத் தாமே செரித்துக்கொள்வதைப் பற்றிய ஆய்வுக்காக ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டினியைப் பரிந்துரைக்கும் பலரும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஓசுமி ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களில் அது எப்படி நடக்கிறது என்பதை. காலையில் நடந்துவிட்டு வந்த மனிதர் எத்தனை மணிக்கு இட்லி சாப்பிட வேண்டும் என்பதற்கு அந்தப் பரிசில் விடை இல்லை.

இனி, மாத்திரைகள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. உடற்பயிற்சி செய்த தசையோ, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் அந்த வேகம் தணியாது. கல்லீரல் இருப்புக் குறைந்த காலை நேரம், இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, குளுக்கோஸை இழுக்கும் தசை, மேற்கொண்டு பட்டினி ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்ததன் விளைவுதான் அந்த 54. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இவ்வளவு ஆபத்து இல்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை எடுப்பவர்களுக்குச் சிக்கல் வேறு விதமானது: உண்ணாமலும் போதிய நீர் அருந்தாமலும் இருந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாத நிலையிலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு என வந்தால், சர்க்கரை அளவு பரவாயில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றும். ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டுமே அடையாளமாக எஞ்சும். நம் கடலோரப் புழுக்கத்தில் அந்த அடையாளமும் மறைந்துவிடுவதுதான் எனக்குள்ள பெரிய கவலை. நடந்து முடித்துக் கால் மணி நேரம் காற்றில் உட்கார்ந்த பிறகும் வியர்வை நிற்காமல் தலை கிறுகிறுத்தால், சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அவ்வாறே செய்து, சரியானதும் உணவு உண்ண வேண்டும். நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சர்க்கரை நோய் இல்லாதவர்கள் தமக்கு இதில் எதுவும் இல்லை என்று எண்ண வேண்டாம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்கு வேலைக்கு வரும் இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர், காலை ஆறு மணிக்கு ஜிம்மில் பளு தூக்கிவிட்டு, மதியம் ஒரு மணிக்குத்தான் முதல் உணவாகச் சாம்பார் சாதம் உண்டுகொண்டிருந்தார். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. ஆனால் முதல் மாதம் தூக்கிய எடையை மூன்றாம் மாதம் தூக்க முடியவில்லை. முடி கொட்டத் தொடங்கியிருந்தது. அவருடைய உணவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, நாளொன்றுக்குப் புரதம் 35 கிராமைத் தாண்டவில்லை. இந்தியர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், பளு தூக்குபவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படும்.

பளுப் பயிற்சி தசைப் புரதத்தை உடைக்கவும் செய்கிறது, புதிதாகக் கட்டவும் தூண்டுகிறது. உணவு இல்லாதவரை கட்டப்படுவதைவிட உடைவதே மிகுதி; புரதம் உள்ளே வந்தால்தான் கணக்கு நேராகும். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் உண்ணாவிட்டால் எல்லாம் வீண் என்று சில பயிற்சியாளர்கள் அச்சுறுத்துவது மிகை. தசை கட்டப்படும் தூண்டுதல் ஒரு நாள் வரையிலும் நீடிக்கிறது. ஆனால் முந்தைய இரவு உணவிலிருந்து பதினேழு மணி நேரம் பட்டினி கிடந்து, அதன் நடுவே பளுவும் தூக்குவது வேறு. 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 116 பேர் பன்னிரண்டு வாரம் கலந்துகொண்டார்கள். நண்பகலிலிருந்து இரவு எட்டு மணி வரை மட்டும் உண்டவர்கள், மூன்று வேளை உண்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மெலியவில்லை. அவர்கள் இழந்த எடையிலும் தசை போன்ற கொழுப்பல்லாத எடையின் பங்கு கணிசமாக இருந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இழந்த தசையைத் திரும்பப் பெறுவது இன்னும் கடினம்.

அப்படியானால் என்ன உண்பது? அறுபது கிலோ எடையுள்ளவருக்குப் பயிற்சிக்குப் பிந்தைய உணவில் 15 முதல் 20 கிராம் புரதம் இருந்தால் போதும். இரண்டு முட்டையும் ஒரு குவளைப் பாலும் சேர்ந்தால் 18 கிராம். முட்டை உண்ணாதவர்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் பாலும் எடுத்துக்கொள்ளலாம். இட்லியை விட வேண்டியதில்லை. மூன்று இட்லியோடு தண்ணீர்ச் சட்னிக்குப் பதிலாகப் பருப்பு நிறைந்த சாம்பாரையும் ஒரு முட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டப்பாவில் விற்கும் புரதப்பொடி பெரும்பாலோருக்குத் தேவை இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நடந்து முடித்ததும் கூட்டமாக உட்கார்ந்து இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காப்பியும் உண்பவர்களும் நம்மில் உண்டு. அறுபது கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 180 கலோரி. அந்த வடையும் காப்பியும் அதைத் தாண்டிவிடும். பிறகு வீட்டுக்குப் போய்க் காலை உணவும் உண்பார்கள். நடைக்குப் பிறகு சாப்பிட வேண்டும் என்று நான் சொல்வது, உரிய காலை உணவை உரிய நேரத்தில் உண்ண வேண்டும் என்பதையே. கூடுதலாக ஒரு வேளையை அல்ல.

வேறு நோயோ மாத்திரையோ இல்லாத, முந்தைய இரவு நன்றாக உண்ட ஒருவர் அரை மணி நேரம் மெதுவாக நடந்துவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிட்டால் எந்தக் கெடுதியும் இல்லை. பசிக்காதபோது திணித்துக்கொள்ள வேண்டாம்; தண்ணீரை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்தான், கொழுப்பு அல்ல. உப்பிட்ட நீர்மோர் நம் வெயிலுக்கு மிகவும் ஏற்றது. உப்பளம் விளையாட்டரங்கில் காலையும் மாலையும் பயிற்சி செய்யும் மாணவர்களின் நிலை வேறு. தசையின் கிளைக்கோஜன் விரைவாக நிரம்புவது பயிற்சி முடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் என்பதால், அவர்கள் காலை உணவைத் தவறவிட்டால் மாலையில் கால் ஓடாது. கிருத்திகை, சஷ்டி, ரமலான் என நோன்பிருப்பவர்கள் அந்த நாள்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எடுப்பவர்கள் நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி, அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்களாகவே நிறுத்துவது ஆபத்து.

முத்தியால்பேட்டைக்காரருக்கு நான் நடையைக் குறைக்கச் சொல்லவில்லை. கிளிமிபிரைடின் அளவைக் குறைத்து, அதைக் காலை உணவோடு எடுக்கும்படி மாற்றினேன். இப்போது அவர் நடப்பதற்கு முன் சர்க்கரையைச் சோதிக்கிறார். 100-க்குக் கீழே இருந்தால் பாதி வாழைப்பழம் தின்றுவிட்டுப் புறப்படுகிறார். ஏழு மணிக்கு வீடு திரும்பி ஏழரைக்குள் சாப்பிட்டுவிடுகிறார். சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கிறது; அது எதற்கென்று உடன் நடக்கும் நண்பர்கள் நால்வருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.