மாலை கழற்றிய மறுநாள் குடிப்பது திமிரா?

"மாலை போட்டா 48 நாள் தொடாம இருக்கான்ல, அப்ப மத்த நாள் குடிக்கிறது திமிருதானே?" தை பிறந்ததும் மதுரைப் பக்கம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் வருடம் தவறாமல் கேட்பது இது. தயவுசெய்து அந்தச் சொல்லை விடுங்கள்.

மாலை போட்டவருக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது என்று பாருங்கள். விரதம் அவரே எடுத்த முடிவு. விடியற்காலைக் குளியல், சரணம், ஒருவேளைச் சாப்பாடு என்று தினமும் செய்து முடிக்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன. "என்னால் முடிகிறது" என்று அவருக்கே தெரிகிறது. தெருவே "சாமி" என்கிறது. கூட்டாளிகள் கடைக்குக் கூப்பிடுவதில்லை. சுயமுடிவு, திறமை, உறவு ஆகிய மூன்றும்தான் மனிதரின் அடிப்படை மனத்தேவைகள் என்றார்கள் உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும். மாலையைக் கழற்றிய அன்றே மூன்றும் போய்விடுகின்றன. "சாமி" மறுபடி "டேய்" ஆகிறார், சட்டைப்பையைத் துழாவுகிறோம், "எப்ப ஆரம்பிக்கப் போற?" என்கிறோம். பிடிமானம் போனபின் பழைய இடத்துக்கே கால் போகிறது.

உடனே அழகர்கோவிலுக்கு இழுத்துப்போய்க் கருப்பணசாமி சன்னதியில் சத்தியம் வாங்குகிறீர்கள். அது உங்கள் முடிவு, அவருடையது அல்ல. மீறினால் பயம் வரும். பயத்தில் ஒளித்துக் குடிப்பார், உங்களுக்குத் தெரிவதற்குள் அளவு கூடியிருக்கும்.

புரோசாஸ்கா, டிகிளெமென்டி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1983இல் புகைப்பவர்களை ஆராய்ந்து வகுத்த மாற்றப் படிநிலைகளில், ஆறு மாதம் தாண்டினால்தான் மாற்றம் நிலைத்ததாகக் கணக்கு. 48 நாள் நல்ல தொடக்கம், அவ்வளவே. நடுவில் ஒருநாள் சறுக்கினால் எல்லாம் போயிற்று என்று கத்தாதீர்கள். எந்த இடத்தில், யாரோடு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேளுங்கள். அடுத்த ஏற்பாட்டுக்கு அந்தத் தகவல்தான் வேண்டும்.

மாலை கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். "குடிக்காத நாள்ல என்ன நல்லா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், பதில் அவர் வாயிலிருந்து வரட்டும். "இனிமே குடிக்க மாட்டேன்" என்பது திட்டம் ஆகாது. "சனிக்கிழமை கூலி வாங்கினதும் கடை இல்லாத பாதையில வீட்டுக்கு வருவேன், கூட்டாளி கூப்பிட்டா மச்சானுக்குப் போன் போடுவேன்" என்பதுதான் திட்டம். அதிகாலைக் குளியலும் சாயங்கால விளக்கும் மாலையோடு நிற்க வேண்டியதில்லை. மரியாதையும்தான்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் மாலைக்காகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை இல்லாத உருவம் தெரியலாம், நாள் கிழமை குழம்பலாம். முனி பிடித்துவிட்டது என்று பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனால் உயிரே போகலாம். அரசு இராசாசி மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மானம் பார்க்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் பி1 வைட்டமின் ஊசி போட வேண்டியிருக்கும். அடுத்த முறை மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தார் மனம்விட்டுப் பேச 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது: கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.