இளம் சர்ஜன்களின் வீட்டில் பேசப்படாத கவலை

"வீட்டுக்கு வந்தாலும் ஆள் இங்கே இல்லை, டாக்டர்." ஆலோசனைக்கு வரும் இளம் சர்ஜன்களின் கணவரோ மனைவியோ என்னிடம் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். டூட்டி நேரம் பற்றிய புகாரெல்லாம் அப்புறம்தான்.

குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தால், அந்த இணைப்பு கசிகிறதா என்பது பல நேரம் 5 முதல் 7 நாள் கழித்துத்தான் தெரியவரும். பயிற்சிக் காலத்தில் அந்தக் கவலையில் பங்குபோட ஒரு சீனியர் இருப்பார். தனிப்பொறுப்பில் ஆபரேஷன் செய்யும் முதல் சில வருடங்களில் அது முழுக்கத் தன் தலையில். காய்ச்சல் ஏறியதா, நாடித்துடிப்பு கூடியதா என்று மனம் வார்டிலேயே கிடக்கும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன். எதைக் கேட்டாலும் "ம்" என்று ஒரு பதில். எதிரில் இருப்பவருக்குக் காரணம் தெரியாது. "என்மேல் என்ன கோபம்?" என்று சண்டை ஆரம்பிக்கும்.

நோயாளியின் விவரத்தை வீட்டில் சொல்லக் கூடாதுதான். ஆனால் "ஒரு கேஸ் மனதை அரிக்கிறது, உன்மேல் ஒன்றுமில்லை" என்று சொல்வதால் எந்த ரகசியமும் வெளியே போகாது. இதைச் சொல்லப் பழகியதிலேயே பாதிச் சண்டை அடங்கிய தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர்கள் என்றாலே விவாகரத்து அதிகம் என்ற பேச்சை நம்பிப் பயப்பட வேண்டாம். 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அமெரிக்க ஆய்வில், ஒருமுறையாவது விவாகரத்தான மருத்துவர்கள் சுமார் 24 சதவீதம். வழக்கறிஞர்கள் சுமார் 27 சதவீதம். அதே ஆய்வில் என்னை வருத்தியது வேறொன்று. வாரம் 40 மணிநேரத்துக்கு மேல் உழைக்கும் பெண் மருத்துவர்களிடையே விவாகரத்து கூடுதல். ஆண்களிடம் அப்படி இல்லை. நைட் டூட்டி முடிந்து வரும் ஆணைத் தூங்கவிடும் குடும்பம், பெண்ணிடம் குழந்தையைக் கொடுக்கிறது. என் அறையில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இது அநியாயம்.

"ரெசிடென்சி (மருத்துவமனையில் செய்யும் சிறப்புப் பயிற்சி) முடியட்டும், பேசிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அடுத்து ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி வரும், அதற்கடுத்து வேலையில் காலூன்ற வேண்டியிருக்கும். பலர் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் எங்களைத் தேடி வருகிறார்கள். வேலைக்குப் பாதகமாகுமோ என்ற பயமும் ஒரு காரணம். கூடுமானவரை, வேலை செய்யும் மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத ஆலோசகராகப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே, "இங்கே பேசுவது யாருக்குப் போகும்?" என்று நேராகக் கேளுங்கள்.