இளவரசர் அல்லர், சிற்றரசர்

அக்கா மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் வரலாற்று நோட்டை எடுத்து வந்து, “மாமா, இந்த இளவரசர்களோட அப்பாக்கள் எல்லாம் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். ‘1531-இல் லூத்தரன் இளவரசர்கள் ஷ்மால்கால்டன் நகரில் கூடி, கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு எதிராக ராணுவக் கூட்டணி அமைத்தனர்’ என்று எழுதியிருந்தாள். (லூத்தரன் என்றால் மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைப் பின்பற்றியவர். சார்லசின் பேரரசு, ஜெர்மன் நாடுகளை அடக்கிய புனித ரோமானியப் பேரரசு.) ஆண்டு சரி, ஊர் சரி. அவள் கேள்வியும் சரிதான். மகன்கள் சேர்ந்து கூட்டணி வைத்தால், அப்பாக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

அப்பாக்கள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. கூட்டணியின் தலைவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாக்சனியின் யோகான். அப்போது அவருக்கு வயது 62. இன்னொருவர் ஹெஸ்ஸேயின் பிலிப். 1509-இல் தந்தை இறந்தபோது, ஐந்து வயது நிறையும் முன்பே பட்டத்துக்கு வந்தவர். இருவரும் தங்கள் நாட்டை ஆண்டவர்கள். வரி வாங்கினார்கள், நீதிமன்றம் நடத்தினார்கள், படை திரட்டினார்கள், கடைசியில் எந்த வழிபாடு நடக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்தார்கள். 62 வயதுக் கிழவரை ‘இளவரசர்’ என்று எழுதக் கை கூச வேண்டாமா?

தவறு எங்கே நுழைகிறது என்பது வெளிப்படை. ஆங்கிலத்தில் ‘பிரின்ஸ்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. அரசனின் மகனும் பிரின்ஸ், சிறு நாட்டை ஆள்பவரும் பிரின்ஸ். மூலம் லத்தீனின் ‘பிரின்கெப்ஸ்’. முதலிடம் கொள்பவர் என்று பொருள். ஜெர்மன் மொழியில் இந்தக் குழப்பமே இல்லை. ஆள்பவர் ஃபியூர்ஸ்ட், ஆளாத வாரிசு பிரின்ஸ். ஃபியூர்ஸ்ட் என்பதும் ‘முதலாமவர்’தான், ஆங்கில ‘ஃபர்ஸ்ட்’டுக்கு உறவு. அப்படியானால் சொல்லுக்குச் சொல் ‘முதல்வர்’ என்று போடலாமே என்றால், அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். அதிலும் ஹெஸ்ஸே, சாக்சனி இரண்டும் இன்று ஜெர்மனியின் மாநிலங்கள். ‘ஹெஸ்ஸே முதல்வர் பிலிப்’ என்று எழுதினால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள்.

ஐரோப்பாவின் குட்டி நாடான லீக்டன்ஸ்டைனைப் பாருங்கள். அங்கே ஃபியூர்ஸ்ட் ஹான்ஸ்-ஆடம் 2004-இல் அன்றாட ஆட்சிப் பொறுப்பைப் பட்டத்து வாரிசான தன் மகன் அலோயிசிடம் ஒப்படைத்தார். ஜெர்மனில் அப்பாவுக்கு ஒரு சொல், மகனுக்கு வேறு சொல். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தால் இளவரசர் இளவரசரிடம் ஆட்சியை ஒப்படைத்தார் என்று ஆகிவிடும்.

நமக்குச் சொல் இல்லாமலா போயிற்று? சிற்றரசர் இருக்கிறார். குறுநில மன்னர் இருக்கிறார். மேலே ஒரு பேரரசர், கீழே சொந்த மண்ணும் சொந்தப் படையும் உள்ள ஆட்சியாளர் என்ற அமைப்பு தமிழுக்குப் புதிதே அல்ல; மூவேந்தரையும் வேளிரையும் வேறு பிரித்துச் சொல்லிப் பழகிய மொழி இது. ‘சிறு’ என்றால் மதிப்புக் குறைவாகத் தொனிக்கிறதே, வெள்ளிச் சுரங்கம் வைத்திருந்த சாக்சனி சின்னதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சிற்றரசர் என்பதில் உள்ள சிறுமை நிலப்பரப்பில் இல்லை, பேரரசருக்குக் கீழே நிற்கும் நிலையில் இருக்கிறது. சாக்சனி பேரரசரிடமிருந்து மானியமாகப் பெற்ற நிலம். சரி, வெறுமனே ‘அரசர்’ என்று விட்டுவிடலாமா? கூடாது. அந்தப் பேரரசுக்குள் ஜெர்மன் சிற்றரசர் ஒருவர் அரசர் பட்டம் சூட்டிக்கொள்வது சாதாரணமில்லை. பிராண்டன்பர்க் ஆட்சியாளர் 1701-இல்தான் பிரஷ்யாவில் அரசரானார், அதுவும் பேரரசின் எல்லைக்கு வெளியே இருந்த நிலத்தைக் காட்டி.

அடுத்து ‘கோமகன்’ கட்சி. இணையத்தில் இவர்களுக்குக் கூட்டம் அதிகம். தூய தமிழ், இலக்கியச் சொல், கம்பீரமாக இருக்கிறது என்பார்கள். (அரசு, அரசர் எல்லாம் வடமொழியா தமிழா என்று ஒரு தனிச் சண்டை உண்டு, அதற்குள் நான் போகவில்லை.) கோமகன் அரசனையும் குறிக்கும் என்று அகராதியைப் பிரித்துக் காட்டுவார்கள். காட்டட்டும். படிப்பவர் காதில் விழுவது ‘மகன்’தானே? இளவரசரில் இருந்த அதே கோளாறு வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. அதோடு கோமகனை ‘டியூக்’குக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஒரு சொல்லை இரண்டு பதவிக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கதையிலேயே சாட்சி இருக்கிறது: மோரிட்ஸ்.

சாக்சனி அப்போது ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகளிடம் பிரிந்து கிடந்தது. ஒரு கிளையில் யோகானின் மகன் யோகான் பிரீட்ரிக். மற்றதில் டியூக் மோரிட்ஸ். இருவரும் லூத்தரன்கள். மோரிட்ஸ் போதாக்குறைக்கு ஹெஸ்ஸே பிலிப்பின் மருமகன். 1546-இல் பேரரசருக்கும் ஷ்மால்கால்டன் கூட்டணிக்கும் போர் மூண்டதும் மோரிட்ஸ் கத்தோலிக்கப் பேரரசர் பக்கம் போனார். 1547 ஏப்ரல் 24 அன்று எல்பே ஆற்றங்கரையில், மியூல்பெர்க்கில், யோகான் பிரீட்ரிக் கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு பிடிபட்டார். மோரிட்சுக்குக் கிடைத்த கூலி, தோற்றவரின் பதவி. இரண்டு பேரையும் ‘இளவரசர்’ என்றோ ‘கோமகன்’ என்றோ எழுதிவிட்டால், எதற்காக இந்த மனிதர் மாமனாரையே கைவிட்டார் என்பது விளங்கவே விளங்காது. அவர் ஏங்கியது ‘கூர்ஃபியூர்ஸ்ட்’ பதவிக்கு. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிற்றரசர் என்று பொருள். 1356-இலிருந்து அந்த உரிமை ஏழே பேருக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இதை ஆங்கிலத்தில் ‘எலெக்டர்’ என்பார்கள். தமிழில்? நோட்டின் அடுத்த பக்கத்தில் இருந்தது: ‘சாக்சனி வாக்காளர்’. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கவசம் பூண்டு குதிரையில் வந்து, விரலில் மை வைத்துக்கொண்டு திரும்பிப் போகிற ஒரு கனத்த மனிதர் கண்முன் வந்து நின்றார். ‘தேர்வுரிமைச் சிற்றரசர்’ என்று எழுதலாம். நீளம்தான். ஆனால் ஏழு பேருக்குத்தானே எழுதப்போகிறோம்!

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதல் வரியைத் தாண்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறார்கள். அந்த ஆங்கிலமே ஒரு ஜெர்மன் சொல்லின் மொழிபெயர்ப்பு என்று நினைப்பதில்லை. இவர்கள் கையில் 1521-இன் ‘வோர்ம்ஸ் டயட்’ மாட்டினால் பேரரசின் ஆட்சிப் பேரவை பத்தியச் சாப்பாடாகிவிடும்.

ஃபியூர்ஸ்ட் என்ற சொல் எந்த எடையில் புழங்கியது என்பதற்கு ஒரு செய்தி உண்டு. 1530-இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் போதனையை நிறுத்தச் சொல்லிப் பேரரசர் கட்டளையிட்டார். பிராண்டன்பர்க்-ஆன்ஸ்பாக்கின் லூத்தரன் சிற்றரசர் கியோர்க், கடவுளின் வார்த்தையை விட்டுக்கொடுப்பதைவிட இங்கேயே மண்டியிட்டுத் தலையைக் கொடுப்பேன் என்றாராம். சார்லஸ் பதறிப்போய், தன் அரைகுறை ஜெர்மனில், “அன்பான ஃபியூர்ஸ்ட், தலை எல்லாம் வேண்டாம்” என்றாராம். பேரரசருக்கு வயது 30, கியோர்குக்கு 46. இங்கே ‘அன்பான இளவரசே’ என்று போட்டால், தாத்தா பேரனைச் சமாதானப்படுத்துவது போல் ஆகிவிடும்.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். நோட்டில் ‘இளவரசர்களை’ அடித்துச் ‘சிற்றரசர்கள்’ என்று எழுதிக்கொண்டாள். ‘வாக்காளர்’ பக்கத்தில் இடம் இல்லாததால் ஓரத்தில் குட்டி எழுத்தில் புதியதை எழுதினாள். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “புரிஞ்சுது மாமா. ஆனா பரீட்சையில இளவரசர்னுதான் போடுவேன். விடைத்தாள்ல அப்படித்தான் இருக்கும்.”