விலக்கிய கட்டுரைக்கும் கணக்கு வேண்டும்

மூதூரில் இருந்து பஸ் ஏறி வந்த மாணவி ஒருத்தி தன் ஆய்வை என் மேசையில் வைத்தாள். வெந்தயம் இரத்தத்தில் சீனியைக் குறைக்குமா என்பது கேள்வி. தலைப்பில் முறைசார் மீளாய்வு, அதாவது சிஸ்டமெட்டிக் ரிவியூ, என்று போட்டிருந்தாள். எடுத்தது 12 கட்டுரைகள். பன்னிரண்டும் குறைக்கும் என்றே சொல்லின.

"குறைக்காது எண்டு ஒண்டுகூட அகப்படேல்லையா, பிள்ளை?"

"ரெண்டு மூண்டு இருந்தது சேர். சேர்த்தால் முடிவு குழம்பும், விடுங்கோ எண்டு மேற்பார்வையாளர் சொன்னவர்."

மனம் கனத்துப்போனது. திருகோணமலையில் ஆய்வு முறை சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது புதிதில்லை. நிறைய வாசித்துத் தொகுத்தால் முறைசார் மீளாய்வு ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. எங்கே தேடுவது, எதை எடுப்பது, எதை விடுவது என்ற விதிகளைக் கட்டுரைகளைப் பார்க்குமுன்பே எழுதிவைக்க வேண்டும். யோர்க் பல்கலைக்கழகத்தின் புரொஸ்பெரோ பதிவேடு 2011 முதல் இருப்பது இதற்காகத்தான். திட்டத்தை அங்கே பதிந்துவிட்டால், பிறகு விதியை மாற்றினாலும் மாற்றியது தெரியும்.

இதில் உயிர்கள் இருக்கின்றன. குறைமாதத்தில் பிரசவிக்கக்கூடிய தாய்க்கு ஸ்டெரொயிட் ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்று 1972இல் நியூசிலாந்துச் சோதனை ஒன்று காட்டியது. அப்புறமும் சோதனைகள் வந்தன. சிலவற்றின் முடிவு தெளிவாக இல்லை. தனித்தனியே வாசித்த வைத்தியர்கள் பலர் ஊசியை நம்பவில்லை. எல்லாவற்றையும் முறையாகச் சேர்த்துப் பார்த்த மீளாய்வு 1989இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகளை இழந்தோம். மருத்துவச் சோதனைகளை இப்படி முறையாக மீளாய்வு செய்வதற்கென்று 1993இல் ஒக்ஸ்போர்ட்டில் தொடங்கிய கொக்ரேன் அமைப்பின் சின்னத்தில் தெரியும் சிறு கிடைக்கோடுகள் இந்தச் சோதனைகளின் வரைபடமே.

சரி, அந்தப் பிள்ளையோடு முதலில் இருந்து தொடங்கினோம். யாருக்கு, எதைக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவைப் பார்க்கிறோம் என்று கேள்வியை நாலாகப் பிரித்தோம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பெரியவர்கள், வெந்தயத் தூள், வெந்தயம் சேர்க்காத வழமையான சிகிச்சை, வெறும் வயிற்றுச் சீனி. எலிகளில் செய்தவை இங்கேயே கழிந்தன.

தேடல்தான் அதிக நேரம் பிடித்தது. மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில், வெந்தயத்தின் ஆங்கிலப் பெயரான 'பெனுகிரீக்' என்று மட்டும் அவள் தேடியிருந்தாள். 'மேத்தி' என்று இந்திப் பெயரை எழுதியவர்களும், தாவரவியல் பெயரான 'டிரைகோனெல்லா'வை மட்டும் போட்டவர்களும் அதில் விடுபடக்கூடும். ஒரே பொருளின் பெயர்களை 'ஓர்' (OR, அல்லது) போட்டு இணைத்து, நோயின் பெயர்களோடு 'அண்ட்' (AND, மற்றும்) போட்டுக் கட்டினோம். உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்கள் எல்லாவற்றையும் கரையில் போட்ட பிறகுதானே தரம் பிரிக்கிறார்கள்? தேடலும் அப்படி அகலமாக இருக்க வேண்டும். நம் நாட்டுச் சஞ்சிகைகளையும் நூலக அலுமாரியில் கிடக்கும் ஆய்வேடுகளையும் விடக்கூடாது. மருந்து வேலை செய்யவில்லை என்ற முடிவுகள் அச்சேறாமல் அங்கேயே தங்கிவிடுவது உண்டு.

தெரிவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தீர்மானத்தை மற்றவர் பார்க்காமல் சுருக்கங்களை வாசித்துப் பிரிக்க, ரய்யான் என்ற இணையக் கருவி உதவும். பிறகு ஒவ்வொரு சோதனையும் எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்று எடைபோட வேண்டும். எண்களைக் கூட்டி மெட்டா அனாலிசிஸ் செய்வது ஆய்வுகள் ஒத்திருந்தால் மட்டுமே; ஒத்துவராவிட்டால் எழுத்தில் விளக்கினாலே போதும்.

மீளாய்வை எழுதும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று பட்டியலிடும் பிரிஸ்மா 2020 வழிகாட்டியில் 27 அம்சங்கள் உள்ளன. மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது அதன் ஓட்டப்படத்தைத்தான். எத்தனை அகப்பட்டது, எத்தனை கழிந்தது, முழுதாக வாசித்த பின் விட்டவற்றை ஏன் விட்டோம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். வெந்தயத்தோடு வேறு மூலிகையும் கொடுத்த ஒரு சோதனையில் அவளும் தோழியும் முரண்பட்டிருந்தார்கள். சீனி நன்றாகக் குறைந்தது என்று சொன்ன கட்டுரை அது. விதியை எடுத்து மறுபடி வாசித்துவிட்டு அதை அவளே விலக்கி, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தாள். முன்பு விட்ட அந்த இரண்டு மூன்று கட்டுரைகளும் இப்போது அட்டவணையில் இருந்தன.