“நான்தான் எங்கேயோ பிழை விட்டிட்டனோ, தம்பி?”

கொழும்பு வெள்ளவத்தையில், ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீடு. கிளினிக்கில் நேரம் பதிவு செய்ய நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த ஆப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். பெயர், வயது எல்லாம் சரியாகப் போட்டார். அடையாள அட்டை இலக்கம் கேட்ட இடத்தில் நின்றுவிட்டார்.

அவருடையது பழைய அட்டை. 9 இலக்கம், கடைசியில் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து. திரையில் வந்ததோ வெறும் எண் கீபோட். எழுத்தை எங்கே தேடுவது? 9 இலக்கத்தை மட்டும் அடித்தார். ‘செல்லுபடியற்ற உள்ளீடு’ என்று சிவப்பில் வந்தது. மூன்று தரம் அப்படியே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதல் வரியில் உள்ளதைக் கேட்டார். எனக்கு மனசு கனத்துப் போனது.

2016இல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கம், எழுத்துக் கிடையாது. ஆப்பைச் சோதித்த பிள்ளைகள் எல்லாரிடமும் இருந்தது அதுதான். வேறு யாரிடமும் கொடுத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

தொலைபேசி எண்ணிலும் இதே கதை. +94 என்று முன்னால் போட்டு, 9 இலக்கத்துக்கு மட்டும் இடம் விடுகிறோம். ஆட்கள் பழக்கப்படி 077 என்று தொடங்குவார்கள். கடைசி இலக்கம் விழாது, ஓடிபியும் வராது. முன்னால் வரும் பூச்சியத்தை ஆப்பே நீக்கிக்கொள்ளலாம், அது சின்ன வேலை.

தமிழ்த் திரைகளைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஆங்கிலச் சொல்லின் அளவுக்குப் பட்டனை வெட்டிவிட்டு, கடைசி நாளில் தமிழைத் திணிக்கிறார்கள். ‘முன்பதிவு செய்க’ என்பது ‘முன்பதி...’ என்று நிற்கிறது. வரி உயரம் போதாமல் எழுத்தின் மேல்பகுதி வெட்டுப்பட்டு, ‘காலி வீதி’ ஒரு முகவரியில் ‘காலி விதி’ ஆனதை நானே பார்த்திருக்கிறேன். முதல் வரைவையே தமிழில் போட்டுப் பாருங்கள். தமிழுக்கு இடம் கிடைத்தால் ஆங்கிலம் பெரும்பாலும் தானாக அடங்கும்.

பட்டன் அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் குறைந்த அளவு 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். ஆடும் பஸ்ஸில் நின்றுகொண்டு அழுத்துபவருக்கு அதுவே குறைவுதான்.

சரி, அட்டை இலக்கத்துக்கு வருகிறேன். சாதாரண கீபோட்டைக் கொண்டுவந்தோம். சிவப்பு வரியை மாற்றி, ‘அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்: 9 இலக்கமும் எழுத்தும், அல்லது 12 இலக்கம்’ என்று பெட்டிக்கு மேலேயே முன்கூட்டிப் போட்டோம். அடுத்த கிழமை ரீச்சரிடம் திரும்பப் போனேன். அவர் அட்டையைப் பார்த்து அடித்துவிட்டு, அடுத்த திரைக்குப் போய்விட்டார்.