புல்வெளியில் மரம்: நட்டவர் போனபின் யார் பார்ப்பது?

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் கிராமச் சாலைகளில் வண்டி ஓட்டிப் போகும்போது ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை, இல்லையென்றால் கனோலா என்ற எண்ணெய்ப்பயிரின் மஞ்சள். அதன் நடுவே ஒரு காரணமும் இல்லாதது போலச் சதுரமாக ஒரு புதர்வேலி நிற்கும். இறங்கி உள்ளே போய்ப் பார்த்தால் வீடு இருக்காது. அடித்தளக் கல் நான்கு, துருப்பிடித்த கைப்பம்பு ஒன்று, வாசல் இருந்த இடத்தில் லைலாக் செடி. வீடு போய்விட்டது, வேலி போகவில்லை.

மரம் பார்ப்பதுதான் எனக்குத் தொழில். நகரத்து வீடுகளில் கிளை வெட்டுவது, நோய் பார்ப்பது, பண்ணைகளில் காற்றுத்தடுப்பு மரவரிசைக்கு யோசனை சொல்வது என்று ஆண்டில் ஏழு மாதம் வெளியில் ஓடும். மீதி ஐந்து மாதம் மைனஸ் முப்பதில் அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போடுவேன். ஊரில் இருந்தவரை மரம் தானாக வளரும் என்றே நினைத்திருந்தேன். சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன நினைப்பான்? இங்கே வந்தபின்தான் அந்த நினைப்பு மாறியது.

இந்த மாகாணத்து நகரமான சஸ்கட்டூனைச் சுற்றி மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் அளவில்தான் கிடைக்கும். சென்னை மழையில் ஏறக்குறைய கால்பங்கு. அதற்கு மேல் ஓயாத காற்று. வெள்ளையர் குடியேறுவதற்கு முன் இந்தச் சமவெளியைப் புல்லாகவே வைத்திருந்தவை மூன்று: வறட்சி, தீ, காட்டெருமைக் கூட்டம். ஆற்றங்கரையிலும் பள்ளத்தாக்கிலும் காட்டனவுட், மனிடோபா மேப்பிள், பச்சை ஆஷ் இருந்தன. ஈரம் தங்கும் குழிகளில் ஆஸ்பென் கூட்டம் கூட்டமாக நின்றது. அவற்றோடு சஸ்கட்டூன் என்ற பழப்புதரும் உண்டு. இந்த மண்ணின் பழங்குடிகளான கிரீ மக்கள் அந்தப் பழத்துக்கு வைத்த பெயர்தான் பிறகு நகரத்தின் பெயரானது. கூடாரக் கழிக்கு நெட்டையான பைன் மரம் வேண்டுமென்றால் தெற்கே சைப்ரஸ் மலைவரை போக வேண்டும். மற்ற இடமெல்லாம் புல்தான்.

1872ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின்படி பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர். உக்ரைனிலிருந்தும் ஒன்டாரியோவிலிருந்தும் வந்து இறங்கியவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. விறகு இல்லை, வேலிக்குக் கழி இல்லை, மேற்கே மலைவரை காற்றைத் தடுக்க ஒரு குச்சிகூட இல்லை. 1901இல் அரசு ஒரு வேலை செய்தது. இண்டியன் ஹெட் என்ற சிற்றூரை மையமாக வைத்து (நம் இந்தியாவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, ஊரிலிருந்து போன் செய்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்) நாற்றங்கால் போட்டு, விவசாயிகளுக்குக் கன்று அனுப்பத் தொடங்கியது. கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. நிலத்தை முன்கூட்டியே உழுது, களை போக்கி, தரிசாக வைத்திருக்க வேண்டும். ஆள் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால்தான் கன்று. எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இது. கன்று கொடுப்பது எளிது, மண்ணைத் தயார் செய்ய வைப்பதுதான் கடினம். இன்றைக்கு மரம் நடு விழா நடத்துகிறவர்களுக்கு இதை எழுதி ஒட்ட வேண்டும்.

2013இல் அந்தத் திட்டத்தை மூடும்வரை அனுப்பிய கன்றுகள் 60 கோடிக்கு மேல். இந்தச் சமவெளியில் பண்ணைவீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் முழங்காலிட்டு நட்டவை. ரெஜைனா நகரமும் அப்படித்தான். அங்கே தெருவில் நிற்கிற மரங்களில் ஏறக்குறைய எல்லாமே கையால் நட்டவை.

சதுர வேலி என்றேனே, அது காரகானா. சைபீரியப் பக்கத்துச் செடி, அவரைக் குடும்பம், வேரில் நைட்ரஜன் சேர்க்கும். மஞ்சள் பூ பூத்தால் தேனீ மொய்க்கும். ஜூலைக் கடைசியில், ஆகஸ்டு வெயிலில், அதன் பக்கத்தில் நின்றால் பட், பட் என்று சத்தம் கேட்கும். காய்ந்த நெற்று முறுக்கிக்கொண்டு வெடித்து விதையை வீசுகிற சத்தம். முதல்முறை கேட்டபோது யாரோ கல் எறிகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நூறு வயதான வேலியும் அப்படி வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மரவரிசை என்ன செய்கிறது என்று கேட்டால், குளிர்காலத்தில் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போய் வேலிக்கு வெளியே ஒரு நிமிடம், உள்ளே ஒரு நிமிடம் நிற்கச் சொல்வேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கணக்காகச் சொன்னால், மரத்தின் உயரத்தைப் போலப் பத்து முதல் இருபது மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறைந்திருக்கும். எட்டு மீட்டர் மரம் என்றால் 80 முதல் 160 மீட்டர். பனி பறந்து போகாமல் வயலிலேயே தங்கி வசந்தத்தில் ஈரமாக இறங்கும். மாடு கன்று போடும் காலத்தில் ஒதுங்க இடம். வீட்டுச் சூடேற்றும் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும்.

ஆனால் மரவரிசை சுவராக இருக்கக் கூடாது. அடர்த்தியாக அடைத்துவிட்டால் காற்று மேலேறிக் குதித்து அந்தப் பக்கம் சுழன்று விழும். பாதிக் காற்று இலை இடுக்கில் கசிந்து போக வேண்டும். வேகம் குறைந்த காற்று கையிலிருக்கும் பனியைக் கீழே போட்டுவிடும், அதனால் எங்கே போடப்போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு வடமேற்கே பன்னிரண்டு மீட்டரில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை வரிசையாகப் போடச் சொல்லிவிட்டேன். மரம் நன்றாகவே வளர்ந்தது. ஒவ்வொரு புயலுக்கும் பனி மொத்தமும் கார் நிறுத்தும் இடத்தில் வந்து விழுகிறது. அந்த வீட்டம்மா கோபப்படவில்லை. சனவரியில் ஒருமுறை ஜன்னல் வரை ஏறிய பனியைப் படமெடுத்து அனுப்பினார், கீழே ஒரு வார்த்தைகூட எழுதாமல். முப்பது மீட்டர் தள்ளிப் போடு என்று கையேடு எல்லாம் சொல்கிறது. படித்துமிருந்தேன்.

இப்போது அந்த வரிசைகளைப் பிடுங்குகிறார்கள். புல்டோசர் ஒரு நாளில் ஒரு கிலோமீட்டரைச் சாய்த்துவிடும். குவித்து வைத்து, பனி விழுந்ததும் கொளுத்துவார்கள். பிடுங்குகிறவரைக் கெட்டவராக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை, அவருக்கும் காரணம் உண்டு. விதைக்கும் கருவி இன்று இருபது மீட்டர் அகலம், மருந்தடிக்கும் கருவியின் கை முப்பது மீட்டரைத் தாண்டும். மரத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால் எரிபொருளும் விதையும் வீண். உழாமலே விதைக்கும் முறை வந்தபின் மண் பறக்கும் பயமும் போய்விட்டது. 1930களில் வானம் கறுக்க மண் பறந்ததைக் கண்ட தலைமுறையே இல்லை. மரத்தை ஒட்டிய முதல் சில மீட்டரில் விளைச்சல் குறைவதும் உண்மை.

நான் சொல்வது ஒன்றுதான்: அதற்கு அப்பால் உள்ள வயலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிடுங்கியாக வேண்டுமென்றால் ஊடே போகும் வரிசையைப் பிடுங்குங்கள், வீட்டைச் சுற்றியதை விடுங்கள். வயதாகி நடு நடுவே செத்துப்போன காரகானாவுக்கு வைத்தியம் உண்டு. வசந்தத்தின் தொடக்கத்தில் தரையோடு அறுத்துவிட்டால் அடியிலிருந்து துளிர்த்துவிடும். பாதிப்பேருக்கு இது தெரியவில்லை, செத்துவிட்டது என்று இயந்திரத்தைக் கூப்பிடுகிறார்கள்.

நகரத்துக் கதை வேறு. சஸ்கட்டூன் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக 1923இலிருந்து எல்ம் மரங்களை நட்டு ஒரு சாலையே அமைத்திருக்கிறார்கள். மகனைப் பிரான்சில் புதைத்த குடும்பங்களுக்கு இங்கே போய் நிற்க ஒரு மரம். அந்த எல்முக்குத்தான் இப்போது ஆபத்து. டச்சு எல்ம் நோய் 1975இல் பக்கத்து மாகாணமான மனிடோபாவுக்கு வந்தது, சஸ்கட்டூனில் முதல் மரத்தை 2015இல் கண்டுபிடித்தார்கள். பூஞ்சைதான் நோய், அதைச் சுமந்து வருவது அரிசி அளவு வண்டு.

ஜூன் கடைசியில் உச்சியில் ஒரு கிளை மட்டும் வாடித் தொங்கும், மற்றதெல்லாம் பச்சை. அந்தக் கிளையிலிருந்து விரல் தடிமனில் ஒரு குச்சி வெட்டிப் பட்டையைக் கத்தியால் உரித்துக் காட்டுவேன். வெள்ளையாக இருக்க வேண்டிய கட்டையில் பழுப்பு மசியில் கோடு இழுத்தது போல நீளநீளமாகத் தெரியும். தண்ணீர் போகும் குழாய்களை மரம் தானே அடைத்துக்கொண்ட தடம் அது. ஆய்வகம் உறுதி செய்யும்வரை முடிவு சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமல் கத்தியை மடிக்கப் பழகிவிட்டேன்.

இங்கே ஒவ்வொருவரும் செய்யக்கூடியது இரண்டு. சஸ்காட்செவானில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்டு 31 வரை எல்ம் கிளை வெட்டக் கூடாது, சட்டம். புது வெட்டின் வாசனைக்கு வண்டு வரும். இன்னொன்று விறகு. போன ஆண்டு ஒரு வீட்டில் ஆப்பிள் மரம் பார்க்கப் போனேன். காரேஜ் ஓரம் பட்டை உரிக்காத எல்ம் கட்டைகளை அழகாக அடுக்கித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ஏரிக்கரைக் குடிலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்ததாம், கணப்புக்கு ஆகுமே என்று எடுத்துவந்தாராம். தெருவின் இரு பக்கமும் எண்பது வயது எல்ம்கள். பட்டைக்குள் வண்டு குளிர்காலம் முழுக்கத் தூங்கும், மே மாதம் வெளியே வரும். அன்றே மாநகராட்சிக் கிடங்குக்கு அனுப்பச் செய்தேன். ஆப்பிள் மரத்தைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது.

எல்ம் போனால் ஆஷ் இருக்கிறதே என்பார்கள். பல தெருக்களில் ஆஷை அள்ளி நட்டது அந்தத் துணிச்சலில்தான். ஆஷைத் துளைக்கும் மரகதப் பச்சை வண்டு 2017இல் மனிடோபாவின் வின்னிபெக் நகரத்தில் தட்டுப்பட்டது. ஒரே இனத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை, அந்த வண்டே சொல்லிவிடும்.

புதிதாக வந்து வீடு வாங்கும் நம்மவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்ற கோடையில் ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, வேப்பமரம் இங்கே வருமா?" தொட்டியில், ஜன்னலோரம் வரும் என்றேன். தோட்டத்தில் வைத்தால் அக்டோபர் தாண்டாது. அவருக்குப் பர் ஓக் சொன்னேன், மெதுவாக வளரும், ஆனால் பேரனுக்கும் இருக்கும். போய்ப் பார்த்தபோது நட்டுவிட்டிருந்தார், ஓர் அடி ஆழமாக. கம்பம் ஊன்றியது போல மரம் நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஆழம் அதிகம் என்று பொருள். இருவருமாகத் தோண்டி ஏற்றி வைத்தோம். நான் பார்க்கும் இளமரங்களைக் கொல்வதில் குளிரைவிட இந்த ஆழத்துக்கும் புல்வெட்டும் கருவியின் நைலான் கயிற்றுக்கும்தான் பங்கு அதிகம்.

"பின்னால் காலி நிலம் நிறைய இருக்கிறதே, அங்கேயும் நடலாமா?" என்றும் கேட்டார். அது உழப்படாத பழைய புல்வெளி. வேண்டாம் என்றேன். மரக்காரனே மரம் வேண்டாம் என்கிறானே என்று திகைத்தார். சஸ்காட்செவானில் ஆதிப் புல்வெளி ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அந்தப் புல்லின் வேர் ஆளுயரத்துக்குக் கீழே போகும். சேஜ் என்ற புதர் வெளியில் வாழும் கவுதாரி போன்ற பறவைகள் நெட்டையாக ஏதாவது நின்றாலே ஒதுங்கிப் போகும், அதில் பருந்து உட்காரும் என்று அவற்றுக்குத் தெரியும். நீலகிரியில் புல்மலையைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்துச் சீகையும் கற்பூர மரமும் நட்டதன் விளைவை நாம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மனிதர் குடியிருக்கிற இடத்தில், உழுத நிலத்தின் ஓரத்தில் மரம் வேண்டும். புல் தன் வீட்டில் இருக்கும் இடத்தில் நமக்கு வேலை இல்லை.

எனக்கு வருகிற அழைப்புகளில் இப்போது ஒரு வகை கூடியிருக்கிறது. அப்பா இறந்துவிட்டார், பண்ணை கைக்கு வந்திருக்கிறது, சுற்றி மரங்கள் இருக்கின்றன, என்ன செய்வது என்று தெரியவில்லை. நகரத்தில் வளர்ந்த மகளோ மகனோ பேசுவார். ஏப்ரலில் அப்படி ஒரு பண்ணைக்குப் போனேன். தாத்தா நட்ட ஸ்ப்ரூஸ், நாலில் ஒன்று உச்சி காய்ந்திருந்தது. காரகானாவில் பெரிய பெரிய ஓட்டைகள். சமையலறை அலமாரியில் ஒரு நோட்டுப்புத்தகம், ஆண்டுவாரியாக எந்த வரிசையில் எத்தனை கன்று, எத்தனை பிழைத்தது, எந்த வாரம் தண்ணீர் ஊற்றியது என்று பென்சிலில் எழுதியிருந்தது. 1961 கோடைக்கு எதிரே ஒரே ஒரு சொல்: வறட்சி.

அந்தப் பெண் என்னிடம் ஒரு பேனா கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டார். முதல் கட்டமாக வடக்கு வரிசையில் நாற்பது வெள்ளை ஸ்ப்ரூஸ், ஓட்டைகளில் சோக்செர்ரியும் காட்டுப்பிளமும். காரகானாவை மூன்றில் ஒரு பங்கு மட்டும் இந்த ஆண்டு அறுக்கிறோம், மொத்தமாக அறுத்தால் குளிர்காலத்தில் வீடு அம்மணமாகிவிடும். மே மூன்றாம் வாரம் போகிறேன். முயல் கடிக்காமலிருக்கக் கம்பிவலை அவர் வாங்கி வைத்திருக்கிறார், களை வராமல் அடியில் துணிப்பாய் விரிப்பது என் பொறுப்பு.